கறுத்த செங்கல், செங்குத்துக் கூரை: மெல்பர்ன் புறநகரில் ஐந்து நாள்

நாள் 1: டூராக், கூயோங்

மெல்பர்ன் நகர மையத்திலிருந்து 58-ஆம் எண் டிராம் ஏறினால் டூராக் கடைத்தெருவிலேயே இறங்கலாம். இறங்கியதும் கடைக் கண்ணாடிகளைப் பார்க்க வேண்டாம். தரைத்தளம் பலமுறை மாறியிருக்கிறது. தலையை உயர்த்தி மாடியைப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு, அதன்மேல் கறுப்பு மரச்சட்டங்கள், செங்குத்தாக எழும் முக்கோண முகப்புகள். பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சந்தை ஊர் ஒன்றைப் பெயர்த்து வைத்தது போன்ற தோற்றம். கட்டியது 1930களில். இந்த வரிசைக்கு முகம் கொடுத்தவர் ராபர்ட் பெல் ஹாமில்டன் என்ற கட்டடக்கலைஞர். பின்னாளில் 1945 முதல் 1948 வரை டூராக் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

ஆஸ்திரேலிய மரபுரிமை ஆவணங்களில் இந்தப் பாணிக்கு ‘இன்டர்வார் ஓல்ட் இங்கிலிஷ்’ என்று பெயர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலம் என்று பொருள்; ஆனால் ஆவணங்கள் இந்தப் பாணியின் காலத்தை ஏறத்தாழ 1915 முதல் 1940 வரை என்று வகுக்கின்றன. இங்கிலாந்தைக் கண்ணாலேயே பார்த்திராத ஆஸ்திரேலியர்கள்கூட அதை ‘ஹோம்’ என்று சொன்ன காலம் அது. மகனைப் போரில் பறிகொடுத்தும், பிறகு வேலையிழப்பைக் கடந்தும் வந்த தலைமுறைக்கு, உறுதியான, பழைய, மாறாத ஒன்றின் தோற்றம் வேண்டியிருந்தது. 1932-இல் தொழிற்சங்க உறுப்பினர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு வேலை இல்லை.

மாடியில் தெரியும் சட்டங்கள் எடை தாங்குவதில்லை. பெரும்பாலும் ஓர் அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகைகள், சுவர்மேல் அறையப்பட்டவை. உண்மையான மரச்சட்டக் கட்டடத்தில் சட்டமே எலும்பு. இடையில் உள்ள பூச்சு நிரப்பு மட்டும். பிரித்தறிவது எளிது. சட்டம் மூலையில் திரும்பும் இடத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். பலகை என்றால் கனம் அங்கே வெளிப்பட்டுவிடும். மூட்டுகளில் மர ஆணியின் தலை தெரியாது.

இதை வைத்துத்தான் பலர் ‘போலி டியூடர்’ என்று ஒதுக்குகிறார்கள். டியூடர் என்பது பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தை ஆண்ட அரச மரபு. அந்த வாதம் தவறான கேள்வியிலிருந்து பிறக்கிறது. இந்தக் கட்டடம் பதினாறாம் நூற்றாண்டைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 1930களைப் பற்றிச் சொல்கிறது. அந்தத் தலைமுறை எதற்கு ஏங்கியது, எதைக் கண்டு அஞ்சியது, எதற்குப் பணம் கொடுக்கத் தயாராக இருந்தது என்பதற்கு அந்த ஓரங்குலப் பலகை நேரடிச் சாட்சி.

டிராம் பாதை கிழக்கே கிளென்ஃபெரி சாலையில் முடிகிறது. அங்கிருந்து கூயோங் பக்கம் போனால் ‘டென்பி டேல்’ அடுக்ககம். இதுவும் ஹாமில்டனின் வேலைதான். மார்கஸ் நோரிஸுடன் சேர்ந்து 1930களின் இறுதியில் வடிவமைத்தது. யார்க்‌ஷயர் ஊர் ஒன்றின் பெயர். உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், எனவே தெருவிலிருந்து மட்டுமே பார்வை. பல குடும்பங்கள் வாழும் அடுக்ககத்தை, முற்றம் சூழ்ந்த ஒரே பெரிய பண்ணை மாளிகை போலக் காட்டியிருப்பதைக் கவனியுங்கள். அடுக்ககம் என்றாலே முகம் சுளித்த வட்டாரத்தில், பழைய இங்கிலாந்தின் தோற்றம் அந்தப் புதுவகைக் குடியிருப்புக்கு நுழைவுச் சீட்டாக உதவியது.

நாள் 2: கேம்பர்வெல்

அலமைன் தடத்து ரயிலில் ஹார்ட்வெல் பக்கம் இறங்கினால் கோல்ஃப் லிங்க்ஸ் எஸ்டேட். பெயருக்குக் காரணம், இது உண்மையிலேயே கோல்ஃப் மைதானமாக இருந்த நிலம். ரிவர்ஸ்டேல் கோல்ஃப் கிளப் 1927-இல் மவுன்ட் வேவர்லிக்கு இடம் மாறியது, மைதானம் மனைகளாயிற்று. இன்று முழு வட்டாரமும் பொரூண்டாரா கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றத்தின் மரபுரிமைப் பாதுகாப்பில் இருக்கிறது. ஸ்பானிஷ் மிஷன், ஜார்ஜியன், ஓல்ட் இங்கிலிஷ் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால், ஒரு பாணியை மற்றதிலிருந்து பிரித்துப் படிக்க இதைவிட நல்ல தெரு கிடைப்பது அரிது.

நேரம் முக்கியம். தென்கோளத்தில் வெயில் வடக்கிலிருந்து வரும். தெருவின் தென்புறத்து வீடுகளின் முகப்பு நடுப்பகலில் ஒளிரும். வடபுறத்து வீடுகளின் முகப்பு நிழலில் கிடக்கும். கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய முகப்புகளை வெயில் சுவரை உரசிக்கொண்டு போகும் வேளையில் பாருங்கள். சுவர் புடைத்திருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.

செங்கல்லில் தொடங்கலாம். இந்தப் பாணியின் தனி அடையாளம் கிளிங்கர் செங்கல். சூளையில் நெருப்புக்கு மிக அருகில் இருந்து அளவுக்கு மீறி வெந்து, கறுத்து, ஊதா கலந்து, சில இடங்களில் உருகி நெளிந்த கல். முன்பு கழித்துப் போட்டதை இந்தக் காலத்தில் விரும்பிக் கேட்டு வாங்கினார்கள். காலத்தால் கறுத்த சுவரின் தோற்றம் முதல் நாளிலேயே கிடைத்துவிடும். அளவு 9 x 4½ x 3 அங்குலம். ஒரு வரிசை 110 மில்லிமீட்டர், நடுவே 50 மில்லிமீட்டர் இடைவெளி, உள்ளே இன்னொரு வரிசை 110. ஆக, சுவர் 270 மில்லிமீட்டர். சில வீடுகளில் கிளிங்கரைச் சுவர் முழுக்க வைக்காமல் சன்னல் ஓரம், வாசல் வளைவு, முக்கோண உச்சி ஆகிய இடங்களில் மட்டும் பதித்திருப்பார்கள். உச்சியில் ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிடச் சற்று முன்னுக்கு நீண்டு படிக்கட்டுபோல இறங்கும். கொத்தனாரின் கை எவ்வளவு தேர்ந்தது என்று அங்கேதான் தெரியும்.

இரண்டு வரிசைகளையும் கட்டி வைத்திருப்பது இடைவெளிக்குள் போகும் துத்தநாகம் பூசிய கம்பிகள். பூச்சு போனால் கம்பி துருப்பிடித்து அற்றுவிடும். வெளிவரிசை தனியே நிற்கும். கனமான இரும்புப் பட்டையாக இருந்தால் துரு ஊதிக் கிடைமட்ட விரிசல் காட்டும். மெல்லிய கம்பி அப்படி எச்சரிக்காது. 1989 டிசம்பர் 28-இல் நியூகாசிலில் நிலம் நடுங்கியபோது செங்கல் சுவர்கள் சரிந்ததற்கு இந்தத் துருப்பிடித்த கட்டுக்கம்பியும் ஒரு காரணம். உயரமான முக்கோணச் சுவர்தான் முதலில் ஆடும் பாகம். சந்தேகம் இருந்தால் சாந்து மூட்டில் சிறு துளையிட்டுக் கேமரா விட்டுப் பார்த்து, புதிய ஸ்டெயின்லெஸ் கம்பிகளைத் துளைவழியே செருகலாம். சுவரை இடிக்கத் தேவையில்லை.

சாந்து உதிர்ந்தால் செய்யும் தவறு ஒன்று உண்டு: கனத்த சிமென்ட் கலவையால் பூசிவிடுவது. கிளிங்கர் கடினமானது, தாங்கிக்கொள்ளும். ஆனால் அதே சுவரில் இருக்கும் மென்மையான சிவப்புக் கல் தாங்காது. ஈரம் மூட்டு வழியே வெளியேற முடியாமல் கல் வழியே வெளியேறும். உப்பு படிந்து கல்லின் முகம் பொரிந்து கொட்டும். சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்பது இந்தக் காலத்துச் சுவருக்குப் பொருந்தும் தொடக்க அளவு. முதலில் பழைய சாந்தைப் பார்த்து, மணலின் நிறத்தையும் பருமனையும் ஒத்து எடுக்க வேண்டும். பழைய மூட்டு உள்வாங்கிச் சுரண்டியதா, தட்டையா என்பதையும் பின்பற்ற வேண்டும். மூட்டின் நிழல் மாறினால் சுவரின் முகமே மாறிவிடும்.

செங்கல்லுக்கு வண்ணம் அடிப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஒரு வார இறுதியில் அடித்துவிடலாம். எடுப்பதற்கு மாதங்கள் ஆகும். மணல் பீய்ச்சி எடுத்தால் சுட்ட தோல் போய்விடும், பிறகு கல் தண்ணீரைக் குடிக்கும். சாம்பல் வண்ணம் அடித்த கிளிங்கர் வீடு ஒன்று தெருவில் தென்பட்டாலே மனம் கனக்கிறது.

கூரை அடுத்தது. தெருவை நோக்கும் முக்கோணம் 45 பாகையோ அதற்கு மேலோ சாயும். பணமுள்ளவர்கள் இங்கிலாந்துப் பாணியில் தட்டையான சிறு சுட்டமண் ஓடு போட்டார்கள். மற்றவர்கள் மார்செய் ஓடு. நம் ஊர் மங்களூர் ஓட்டைப் பார்த்த கண்ணுக்கு மார்செய் ஓடு உடனே பழகிய முகமாகத் தெரியும். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அதே விளிம்பு. இரண்டுக்கும் பிரெஞ்சு மூலம்தான். ஒழுகுவது பெரும்பாலும் ஓட்டில் அல்ல. இரண்டு கூரைகள் கூடும் கூடல்வாயில், தகரத்தின் நடுவே துரு. இலை அடைத்துத் தண்ணீர் பக்கவாட்டில் ஏறும். முகட்டு ஓட்டின் சாந்தும் வெடித்திருக்கும். இந்த இரண்டையும் சரிசெய்யச் சொன்னால் சில ஒப்பந்தக்காரர்கள் முழுக் கூரையையும் சிமென்ட் ஓடாக மாற்றச் சொல்வார்கள். ஒப்பவேண்டாம். பழைய ஓடு மறுவிற்பனைக் கிடங்குகளில் கிடைக்கிறது. வாங்கும் முன் ஓட்டின் பின்புறம் புடைத்து எழுந்த முத்திரையைப் பார்த்து, அதே தயாரிப்பைத் தேடுங்கள். வுண்டர்லிக் முத்திரையுள்ள ஓடு வேறு தயாரிப்பின் ஓட்டோடு பூட்டாமல் போகலாம்.

முக்கோணத்தின் வெள்ளைப் பகுதியைத் தொடும் முன் ஒரு எச்சரிக்கை. பூச்சுபோலத் தெரிவது பல வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் தகடு. மூட்டுகளை மறைக்கத்தான் மேலே கறுப்புப் பலகை. துளையிடுவது, உரசுவது, அழுத்த நீர் பீய்ச்சுவது எதுவும் கூடாது. முதலில் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். 10 சதுர மீட்டருக்கு மேல் அகற்றும் வேலையை உரிமம் பெற்றவரிடம் ஒப்படையுங்கள். நல்ல நிலையில் வண்ணம் மூடிக் கிடந்தால் அப்படியே விடுவதே மேல். பலகைகள் உளுத்துப்போவது மேல்விளிம்பில்தான். அங்கே தண்ணீர் தேங்காமல் சரிவாகச் சீவி, எல்லாப் பக்கமும் வண்ணம் அடித்து அறைந்தால் நீடிக்கும்.

சன்னலில் சாய்சதுரக் கண்ணாடித் துண்டுகள், இடையே ‘எச்’ வடிவ ஈயப்பட்டை. எண்பது தொண்ணூறு ஆண்டுகளில் ஈயம் தளர்ந்து, சட்டம் வயிறு தள்ளும். கையால் அழுத்தி நிமிர்த்தினால் கண்ணாடி உடையும். முறை இது: சட்டத்தை முழுதாகக் கழற்றி, காகிதம் வைத்துத் தேய்த்துப் படி எடுத்து, துண்டுகளுக்கு எண் இட்டு, புது ஈயம் கட்டி, ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத் தூளும் கலந்த மசியைத் தேய்த்து அடைப்பது. குளிரைத் தடுக்க இரட்டைக் கண்ணாடி வேண்டுமானால் உட்புறம் தனிச்சட்டமாக வையுங்கள். வெளித்தோற்றம் அப்படியே இருக்கும்.

புகைபோக்கி, முன்சுவர் இரண்டையும் பேசாமல் இந்தத் தெருவை விட்டுப் போக முடியாது. அடுப்பை மூடுபவர்கள் புகைபோக்கியையும் அடைத்துவிடுவார்கள். உள்ளே ஈரம் தங்கி மாடிச்சுவரில் பழுப்புக் கறை இறங்கும். மேலே மழைமூடி, கீழே சிறு காற்றுவழி, இரண்டும் வேண்டும். தெருவோரச் சுவர் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரம், வீட்டின் அதே கல், அதே மேல்வரி. அது தாழ்வாக இருப்பதற்குக் காரணம், தோட்டமும் முகப்பும் தெருவுக்கும் சொந்தம் என்ற எண்ணம். அதை இடித்து ஆளுயர மதில் எழுப்பினால் வீடு நிற்கும், தெரு போய்விடும்.

நாள் 3: ஸ்வான்ஸ்டன் தெரு, விக்டோரியா மாநில நூலகம்

மழை. நடையை விட்டு நூலகம். கண்ணால் பார்த்த வீட்டுக்கு ஆண்டு குறிப்பது இங்கேதான் நடக்கும்.

சாண்ட்ஸ் அண்ட் மெக்டூகல் முகவரி ஏடுகளை முதலில் எடுங்கள். தெருவாரியாக, ஒவ்வோர் ஆண்டும் குடியிருப்பவர் பெயர் இருக்கும். வீடு இல்லாத ஆண்டு, ‘கட்டப்படுகிறது’ என்று குறித்த ஆண்டு, பெயர் வந்த ஆண்டு என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தகவல் திரட்டி அச்சேற ஓராண்டு பின்தங்கும். 1936 ஏட்டில் முதன்முதலாக வரும் வீடு 1935-இல் எழுந்திருக்கலாம். அடுத்தது மெல்பர்ன் பெருநகரப் பணிகள் வாரியத்தின் கழிவுநீர் வரைபடங்கள். 40 அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் வீட்டின் வெளிக்கோடு, சில இடங்களில் குளியலறையும் வண்டிக்கொட்டகையும்கூடத் தெரியும். நூலகம் இவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. மூன்றாவது, 1945 வான்படங்கள். பின்கட்டு அப்போதே இருந்ததா என்பதை இது தீர்த்துவைக்கும். கவுன்சிலில் கட்டட அனுமதிக் கோப்பு பிழைத்திருந்தால் கட்டடக்கலைஞர் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் அதில் இருக்கும். கோப்பில் பெயர் இல்லாமல் ‘பார்த்தால் ஹாமில்டன் வேலைபோல் இருக்கிறது’ என்று எழுதுவது பரவலான பிழை. பாதுகாப்புக் கோரிக்கையை ஆராயும் விசாரணைக் குழுவின் முன் முதலில் உடையும் வாக்கியம் அதுதான்.

விக்டோரியாவில் ஒரு வீட்டின் மதிப்பை மூன்று கேள்விகளில் எழுதுகிறார்கள்: எது மதிப்புடையது, எவ்வகையில், ஏன். எட்டு அளவுகோல்கள், ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதல் எச் வரை: வரலாறு, அருமை, ஆய்வுப் பயன், வகைமைக்குச் சான்று, அழகு, தொழில்நுட்பம், சமூகப் பிணைப்பு, ஆளுமைத் தொடர்பு. புறநகர் ஓல்ட் இங்கிலிஷ் வீடு பெரும்பாலும் ஏ, டி, இ மூன்றில்தான் நிற்கும். அருமை என்று கோரினால் தோற்கும், ஏனெனில் இவை ஏராளம். வகைமைக்குச் சான்று என்று கோருங்கள். அதே கவுன்சில் பகுதியில் உள்ள நான்கைந்து வீடுகளோடு கூரை, கல், சன்னல், முன்சுவர் என்று பாகம் பாகமாக ஒப்பிட்டு, இது ஏன் முழுமையாகப் பிழைத்தது என்று காட்டுங்கள். ஒப்பீடு இல்லாத அறிக்கை வெறும் பாராட்டு.

நாள் 4: மரம்பீனா, ஐவன்ஹோ

டூராக்கில் பார்த்தது செல்வர்களின் இங்கிலாந்து. இன்று மாதத் தவணைக்காரர்களின் இங்கிலாந்து. ஏ.வி. ஜென்னிங்ஸ் 1932-இல் தொடங்கிய வீடு கட்டும் நிறுவனம், காஃபீல்டு தெற்கில் ஹில்கிரெஸ்ட் என்ற சிறு குடியிருப்பில் கைபழகி, 1934 முதல் மரம்பீனாவில் பியூவில் எஸ்டேட்டைக் கட்டியது. மனையும் வீடும் சேர்த்து விற்பனை. சாலை, கடைகள், டென்னிஸ் ஆடுகளம் எல்லாம் திட்டத்துக்குள். பிறகு ஐவன்ஹோவில் பியூமான்ட். வடிவங்கள் பெரும்பாலும் எட்கர் கர்னி என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணம்.

தெருவில் நடக்கும்போது ஒரு பயிற்சி: அடுத்தடுத்த ஐந்து வீடுகளின் தரைப்படத்தை மனத்தில் வரையுங்கள். ஒரு சிறு மாறுதலோடு ஒரே வீடு என்று புலப்படும். முக்கோணம் இடம் மாறும், வாசல் வளைவு திரும்பும், புகைபோக்கி முன்னுக்கு வரும். ஒன்றுபோல் இருப்பதை யாரும் விரும்பாத தெருவில் மலிவாக வேறுபாடு காட்டிய திறமை இது. இங்கே தனி வீட்டை மட்டும் காப்பது பொருளற்றது. மதிப்பு வரிசையில் இருக்கிறது. அதனால்தான் கவுன்சில்கள் வட்டாரம் முழுவதையும் ‘ஹெரிடேஜ் ஓவர்லே’ என்ற பாதுகாப்பில் கொண்டுவந்து, ஒவ்வொரு வீட்டையும் முக்கியமானது, பங்களிப்பது, பங்களிக்காதது என்று மூன்றாகப் பிரிக்கின்றன.

ஓவர்லே வந்தால் இடிக்கவும், கட்டவும், மனையைப் பிரிக்கவும் அனுமதி வேண்டும். வண்ணமே படாத செங்கல்லுக்கு வண்ணம் அடிக்கவும் வேண்டும். உள்ளறைகளுக்கும் மரங்களுக்கும், அட்டவணையில் தனியாகக் குறித்திருந்தால் மட்டுமே கட்டுப்பாடு. சமையலறையை மாற்றக்கூடாது என்று பயந்து எதிர்ப்பவர்களுக்கு இதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மாடி கட்ட விரும்பினால், முன்னறைகளின் கூரை அப்படியே நிற்க, அதன் பின்னால், எதிர் நடைபாதையில் நின்றால் தெரியாத அளவில் எழுப்பும் திட்டம் பெரும்பாலும் தேறும்.

பாதுகாப்பில்லாத வீட்டை இடிக்க விண்ணப்பம் வந்தால் கடைசிக் கதவு ஒன்று உண்டு. 1993 கட்டடச் சட்டத்தின் 29ஏ பிரிவு. பாதிக்கு மேல் அல்லது தெருமுகப்பை இடிப்பதென்றால் கவுன்சிலின் ஒப்புதல் அறிக்கை வேண்டும். அந்தக் குறுகிய அவகாசத்தில் கவுன்சில் திட்டமிடல் அமைச்சரிடம் இடைக்காலப் பாதுகாப்பு கேட்கலாம். ஆய்வு ஏற்கெனவே எழுதி மேசையில் இருந்தால்தான் இது கைகொடுக்கும். விண்ணப்பம் வந்த பிறகு ஆய்வைத் தொடங்கினால் எந்திரம் முந்திவிடும்.

நாள் 5: மூரூல்பார்க்

லிலிடேல் தடத்து ரயில், மூரூல்பார்க் நிலையம், பிறகு நடை. பிக்லி வேல் சாலையில் தார் குறைகிறது, மரம் கூடுகிறது. யார்க்‌ஷயரில் 1895-இல் பிறந்து, டெவனில் பிக்லி ஊரில் வளர்ந்து, 1917-இல் பர்ன்லி தோட்டக்கலைப் பள்ளியில் தேறிய தோட்ட வடிவமைப்பாளர் எட்னா வாலிங் உருவாக்கிய குக்கிராமம். 1920களின் தொடக்கத்தில் நிலம் வாங்கி, ‘சோனிங்’ என்ற வீட்டை உள்ளூர்க் கல்லாலும் பழைய மரத்தாலும் தானே எழுப்பினார். அடுத்த நிலத்தையும் வாங்கி மனைகளாக்கினார். வாங்குபவர் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அவருடைய வடிவத்தை ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. 1930களின் நடுவில் சோனிங் எரிந்துபோனது, மீண்டும் கட்டினார்.

இங்கே அறைந்த கறுப்புப் பலகை இல்லை. தாழ்ந்த கூரை, கூரைக்குள் அறை, கல் புகைபோக்கி. மூன்று நாளாகப் பார்த்த செங்குத்து முகப்புகளுக்கு அருகில் வைத்தால் இதுவும் அதே ஏக்கம்தான் என்று விளங்கும். டெவனை அறிந்த ஒருவரின் கையில் அது அலங்காரம் தேடாமல் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. மாநில மரபுரிமைப் பதிவேட்டில் இந்தக் கிராமம் இடம்பெற்றிருப்பது வீடுகளுக்காக மட்டுமல்ல; வேலி, பாதை, கல்மதில், மரங்கள், ஒரு தோட்டம் அடுத்ததோடு எல்லையின்றிக் கலக்கும் விதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2017 மரபுரிமைச் சட்டத்தின்படி பதிவேட்டில் உள்ள இடத்தில் மாற்றம் செய்ய மாநில அனுமதி வேண்டும்; கவுன்சில் ஓவர்லேயைவிடப் பிடி இறுக்கம்.

இங்கே சீர்கேடு மெதுவாக வரும். ஒரு வீட்டார் தனிமைக்காக உயர்ந்த வேலி போடுவார், மற்றவர் பாதைக்குக் காங்கிரீட் ஊற்றுவார், மூன்றாமவர் விழுந்த பிர்ச் மரத்துக்குப் பதில் எதையும் நட மாட்டார். ஒவ்வொன்றும் சிறியது, எதற்கும் இடிப்பு விண்ணப்பம் தேவையில்லை. அதனால் மரங்களின் வயதைப் பட்டியலிட்டு, விழுவதற்குப் பத்தாண்டு முன்பே அடுத்ததை அருகில் நட்டு வளர்ப்பதே இந்த இடத்தின் பராமரிப்பு.

எல்லாம் தனியார் வீடுகள். சாலையிலிருந்து பாருங்கள், வாசலில் நின்று படம் எடுக்க வேண்டாம். தோட்டங்கள் சில ஆண்டுகளில் பொதுப் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன; தேதி பார்த்து வந்தால் உள்ளே போகலாம். இலையுதிர் காலமான ஏப்ரல், மே மாதங்களில் வருவது நல்லது. இலை கொட்டிய பிறகே கல்மதிலின் கோடுகளும் கூரையின் சரிவும் சாலையிலிருந்து முழுதாகத் தெரிகின்றன.